டம்ளர் சத்தம்

வணக்கம் மேடம்,

எனக்கு 46 வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவிடவில்லை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து நான்தான் பார்க்கிறேன். அண்ணன், அக்கா இரண்டு பேரும் இதே ஊர்தான். அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவாள், அம்மா தலையைக் கோதிவிடுவாள், "நீ புண்ணியம் பண்ணவடி" என்பாள், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள். அத்தனை புண்ணியம் இதில் இருந்தால் அவளும் பாதி எடுத்துக்கொள்ளட்டுமே. அண்ணன் பணம் அனுப்புகிறான், அதோடு சரி.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. பிரதோஷம் தவறவிட்டதில்லை. ஜாதகம் பார்த்தவர், போன பிறவியில் தாயைத் தவிக்கவிட்ட பாக்கி இது என்றார். அப்படியென்றால் அண்ணனும் அக்காவும் போன பிறவியில் உத்தமர்களா? நினைவிலேயே இல்லாத குற்றத்துக்கு இது என்ன தண்டனை? அன்றைக்கு அம்மா கட்டில் பக்கத்திலேயே நின்று அக்காவிடம் போனில் "இது என் கர்மா, உனக்கென்ன தெரியும்" என்று கத்திவிட்டேன். "கத்தாதே, பிரஷர் ஏறும்" என்கிறாள். அவளுக்கும் ஒரு நாள் வரும். சாபம் விடவில்லை, கர்மா யாரையும் விடாது என்றுதான் சொல்கிறேன்.

தூக்கமே இல்லை. அம்மா இடது கையால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டித்தான் கூப்பிடுவாள் (போன மாதம் ஒரு ராத்திரி எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தேன், 40 வரை எண்ணினேன், அவள் வினை, கழியட்டும், நான் குறுக்கே போனால் அவளுக்குத்தானே பாக்கி நிற்கும் என்று தோன்றியது, அப்புறம் சத்தம் நின்றுவிட்டது), இந்த மாதிரி ராத்திரிகளில் அக்கா ஒரு நாளாவது வந்து படுத்திருக்கிறாளா?

மறுபிறவி உண்மையா மேடம்? இந்தப் பிறவிக்கு என்னதான் அர்த்தம்? பரிகாரம் ஏதாவது உண்டா? இவர்கள் இரண்டு பேருக்கும் எப்படிப் புரியவைப்பது?

பெயர் வேண்டாம்.

---

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு அடைப்புக்குறிதான் இருக்கிறது. மற்றதையெல்லாம் ஒரு தடவை படித்தேன், அதை மட்டும் மூன்று தடவை படித்தேன். அக்காவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

முதலில், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அக்காவுக்கு ஒரு நாள் வரப்போகிறது, அம்மாவுக்குக் கழிந்துகொண்டிருக்கிறது, அண்ணனும் தப்பப்போவதில்லை, உங்களுக்கு மட்டும்தான் அநியாயம். சித்திரகுப்தன் ஏட்டை அவனிடமிருந்து வாங்கி நீங்களே எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். அந்த வேலை நமக்கு வேண்டாம். பல்லக்கில் போகிறவனையும் தூக்குகிறவனையும் வைத்து வள்ளுவர் எழுதிய 37ஆவது குறளுக்கு இரண்டு விதமாக உரை சொல்வார்கள். வினைப்பயன் கண்ணெதிரே தெரிகிறது, வேறு சான்று எதற்கு என்பது பரிமேலழகர் வழி. தோள் வலிக்கச் சுமக்கிறவனைக் காட்டி, அறத்தின் பயன் இதுதான் என்று சொல்லிவிடாதே என்பது பின்னால் வந்த சிலர் கொண்ட பொருள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அம்மா கட்டில் பக்கத்தில் நின்று 'என் கர்மா' என்று கத்தியபோது நீங்கள் செய்தது அதைத்தானே? பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் பலருக்கு மற்றவர் பேசுவது புரியும். அம்மாவுக்கும் புரிந்திருக்கலாம், பதில்தான் சொல்ல முடியாது.

சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரிப்பார்கள், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேர்த்துவைத்தது, இப்போது அனுபவிப்பது, இனிமேல் பலன் தரும்படி இப்போது செய்வது. அம்மா படுத்திருப்பதைப் பிராரப்தம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் டம்ளர் சத்தம் கேட்டதும் பக்கத்து அறையில் எழுந்திருப்பதா வேண்டாமா என்பது உங்களுடைய ஆகாமியம். ஒருவர் தாகத்தை அவர் வினை என்று விட்டுவிடலாமென்றால், தானமும் தயையும் புண்ணியம் என்று இதே மரபு ஏன் சொல்லவேண்டும்? நீங்கள் தண்ணீர் கொடுத்தால் அம்மாவுக்குப் பாக்கி நிற்காது. அந்தக் கணக்கு அன்றைக்கு ராத்திரி உங்கள் களைப்பு போட்ட கணக்கு, சாஸ்திரம் போட்டது இல்லை.

ஆமாம், களைப்பு. உங்களைக் கெட்டவள் என்று நான் நினைக்கவில்லை. ஈரமில்லாதவள் திரும்பிப்படுத்துத் தூங்கியிருப்பாள், நீங்கள் 40 வரை எண்ணியிருக்கிறீர்கள். மூன்று வருடமாக ராத்திரி முழுத்தூக்கம் இல்லாத யாருக்கும், இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று ஒரு நொடி தோன்றும். நீங்கள் அதை எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன். அப்படித் தோன்றுவது பாவம் இல்லை, உடம்பு கேட்கிற ஓய்வு அது. ஆனால் ஓய்வை ஓய்வு என்று கேட்காமல் அதற்குக் கர்மா என்று பெயர் வைத்தீர்களே, அங்கேதான் தப்பு. தாயைத் தவிக்கவிட்டாய் என்று ஜோசியர் சொன்ன போன பிறவிக்கு யாரிடமும் சாட்சி இல்லை. போன மாதத்து ராத்திரிக்கு இருக்கிறது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டில் எது என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் அடைப்புக்குறிக்குள் போட்டு அவசரமாக மூடிவிட்டீர்கள்.

மறுபிறவி உண்டா என்று கேட்டீர்கள். நம்புகிறவர்களுக்கு உண்டு, நான் அதில் வாதாட வரவில்லை. நோக்கம் என்ன என்பதும் பெரிய கேள்விதான், அதை வாரத்தில் இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கிய பிறகு கேளுங்கள், வேறு மாதிரி கேட்பீர்கள். அண்ணன் அனுப்புகிற பணத்தில் ராத்திரிக்கு ஓர் ஆள் போட முடியுமா என்று அவனிடமே கேளுங்கள். அக்காவிடம் புண்ணியக் கணக்கு பேசாமல், "வெள்ளிக்கிழமை ராத்திரி நீ வந்து படு, நான் தூங்கணும்" என்று கிழமையும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். இதுவரை அப்படிக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அப்புறம், படுக்கையிலேயே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடவேண்டும், ஈரத்தில் கிடந்தால் புண் வந்துவிடும். ராத்திரி முழுக்க இதை ஒற்றை ஆளாக யாராலும் செய்ய முடியாது, உங்களாலும்தான்.

பரிகாரம் கேட்டீர்கள். கோயில் எதுவும் சொல்லப்போவதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அன்றைக்கு ராத்திரி நான் முழித்துத்தான் இருந்தேன், வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். பதில் வராது. அந்த இடது கை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.