கோட்டைப் புல்லில் வெள்ளைக் காளான்

கேள்வி: மழை தொடங்கினதிலிருந்து பின்னேரங்களில் திருகோணமலை பிரெட்றிக் கோட்டைக்குள் நடக்கிறேன். மரங்களுக்குக் கீழே, புல்லில், கையகலத்துக்கு வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்திருக்கின்றன. "மானே கடித்திருக்கிறது, உள்ளி போட்டு அவித்துப் பார், உள்ளி கறுக்காவிட்டால் கறி வைக்கலாம்" என்கிறார் மாமி. வைக்கலாமா, ஐயா?
– வாசகி, உப்புவெளி

பதில்: வேண்டாம், பிள்ளை. மாமியின் கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகமில்லை, உள்ளியில்தான் சந்தேகம். ஆளைக் கொல்லும் காளானோடு வெந்தாலும் உள்ளி வெள்ளையாகவே கிடக்கும். வெள்ளிக் கரண்டியைப் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான், அதுவும் கறுக்காது. மானின் சாட்சியும் செல்லாது. அதன் வயிறு வேறு.

வட்டத்துக்குக் காரணம், மண்ணுக்குள் பங்கசு இழைகள் நடுவிலிருந்து வெளியே பரவி, ஓரத்தில் குடை விடுவது. புல்தரை, அந்த அளவு, வட்டம் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது குளோரோபில்லம் மொலிப்டைட்டீஸ் என்ற நச்சுக் காளான். குடையின் மேல் கபிலச் செதில்களும் தண்டில் வளையமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொல்லாதது என்னவென்றால், இளசில் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும், முற்றினால்தான் பச்சை தட்டும். சாப்பிட்டால் ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தியும் வயிற்றோட்டமும்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் நான் செய்விக்கும் சோதனை ஒன்று உண்டு. நன்றாக விரிந்த காளானின் தண்டை வெட்டி, மடிப்புகள் கீழே இருக்க வெள்ளைத் தாளில் வைத்து, கோப்பையால் மூடி விடுங்கள். விடிய வித்தித்தூள் படிந்திருக்கும். பச்சையென்றால் நான் சொன்னதுதான். இளஞ்சிவப்பென்றால் நம்மவர்கள் சமைக்கும் புற்றுக்காளானாக இருக்கலாம். ஆனால் அந்த நிறம் வேறு காளான்களுக்கும் உண்டு. புற்றுக்காளானின் அடி, வேர்போல நீண்டு கறையான் கூடுவரை இறங்கும். தூள் வெள்ளை, அடியில் கிண்ணம்போல உறை என்றால் அமானிட்டா என்ற காளான் இனமாக இருக்கக்கூடும். அந்த இனத்தில் சிலவற்றின் நஞ்சு அவித்தாலும் போகாது. 6 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வாந்தி தொடங்கும், அப்புறம் சுகமானதுபோல இருந்து ஈரலைப் பிடிக்கும்.

இந்தச் சோதனை பார்த்து ரசிக்கத்தான், சட்டிக்கு அனுமதிச் சீட்டு அல்ல. கைபேசிப் படத்தை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். கறிக்குச் சந்தைச் சிப்பிக்காளான் போதும். யாராவது ஏற்கனவே சாப்பிட்டிருந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். மிச்சக் காளானை அடித்தண்டோடு கடதாசியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.