பிடிபட்டவரின் உரிமைகள்: போர்க்கைதிகள் பற்றிய கேள்வி பதில்

போரில் பிடிபடுகிறவர்களின் உரிமை பற்றிக் கேட்க விரும்புவதை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். யாழ்ப்பாணத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. யாழ். நீதிமன்றங்களில் வழக்குப் பேசுகிறவள், மாணவர்களுக்கு இந்தச் சட்டத்தைப் படிப்பிக்கிறவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கொக்குவில், சட்ட மாணவி: அக்கா, போர்க்கைதி என்று யாரைச் சொல்லலாம்?

இரண்டு நாடுகள் சண்டை பிடிக்கும்போது எதிரியிடம் அகப்படும் படைவீரரைத்தான் முதலில் சொல்ல வேண்டும் தங்கச்சி. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா சமவாயம் முழுக்க அவருக்காகவே எழுதப்பட்டது, 143 உறுப்புரைகள். துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்தார் என்பதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. போர்க்குற்றம் செய்திருந்தால் போடலாம். அவரை அடைத்து வைப்பது தண்டனையாக அல்ல, திரும்பச் சண்டைக்குப் போகாமல் தடுக்க மட்டும்தான். அதனால் சண்டை ஓய்ந்ததும் தாமதிக்காமல் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 118ஆவது உறுப்புரை. ஒருவர் போர்க்கைதியா இல்லையா என்று சந்தேகம் வந்தால், தகுதியுள்ள தீர்ப்பாயம் முடிவு சொல்லும்வரை போர்க்கைதியாகவே நடத்த வேண்டும்.

நெல்லியடி: எங்கட நாட்டில் நடந்தது உள்நாட்டுப் போர். அப்படியென்றால் இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லையா?

இருக்கிறது தம்பி, ஆனால் முழுதாக இல்லை. உள்நாட்டுப் போரில் போர்க்கைதி என்ற அந்தஸ்து கிடையாது. பிடிபட்டவர்மேல் நாட்டின் சாதாரண சட்டப்படி வழக்குப் போடலாம். இது பலருக்குக் கசப்பான பதில் என்று தெரியும்.

அப்புறம் என்ன மிஞ்சுகிறது? நான்கு ஜெனீவா சமவாயங்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் மூன்றாவது உறுப்புரை. ஆயுதத்தைக் கீழே வைத்தவர், காயப்பட்டவர், தடுத்து வைக்கப்பட்டவர் எல்லாரையும் மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும். கொலை, சித்திரவதை, பணயம் வைத்தல், அவமானப்படுத்தல், ஒழுங்கான நீதிமன்றம் இல்லாமல் தண்டித்தல் எதுவும் கூடாது. இது அரசையும் கட்டுப்படுத்தும், எதிர்த்துப் போரிடும் இயக்கத்தையும் கட்டுப்படுத்தும். புலிகள் பிடித்து வைத்திருந்த சிப்பாய்க்கும் பொலிஸ்காரருக்கும் இருந்தது இதே பாதுகாப்புத்தான். நம்மவர் பிடிபட்டால் ஒரு நியாயம், மற்றவர் பிடிபட்டால் இன்னொரு நியாயம் என்றால் இந்தச் சட்டம் நிற்காது.

இலங்கை இந்தச் சமவாயங்களை 1959இல் ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுப் போருக்கென்று 1977இல் வந்த இரண்டாம் மேலதிக நெறிமுறையில் இன்றுவரை சேரவில்லை. சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் யாரும் தப்ப முடியாது. உள்நாட்டுப் போரில் நடக்கும் பாரதூரமான மீறல்களும் தனிநபரைப் பொறுப்பாக்கும் குற்றங்களே என்று யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம், டாடிச் என்பவர்மேல் நடந்த வழக்கில் 1995இலேயே சொல்லிவிட்டது.

பருத்தித்துறை, ஒரு தாய்: 2009 மே மாதம், போர் முடிஞ்ச நேரம், என்ர மகனை என்ர கையாலேயே ஆமியிட்ட ஒப்படைச்சனான் பிள்ளை. இன்னும் ஒரு பதிலும் இல்லை. சட்டம் எனக்கு என்ன தரும்?

அம்மா, உங்களுக்கு ஆறுதல் வார்த்தை எழுதுவதைவிட உங்களிடம் என்ன உரிமை இருக்கிறது என்று சொல்வதுதான் சரி.

ஒருவரைப் பொறுப்பெடுத்தவர், அவருக்கு என்ன நடந்தது என்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பெயர் எழுதினார்களா, இல்லையா என்பதால் அந்தக் கடமை போகாது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதை உள்நாட்டில் குற்றமாக்கியது. உண்மையை அறிவது குடும்பத்தின் உரிமை என்று அந்தச் சமவாயம் நேராகவே சொல்கிறது. ஆள் எங்கே என்று தெரியாதவரை இது தொடர்கிற குற்றம். இத்தனை வருடம் போய்விட்டதே, இனி என்ன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆட்கொணர்வு மனு இன்னும் ஒரு வழி. பிடித்து வைத்திருப்பவர் அந்த ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் மனு அது. மாகாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம், கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. சரணடைந்தவர்களின் குடும்பங்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் அப்படித்தான் போட்டார்கள். 1996இல் நாவற்குழியில் காணாமற்போனவர்களுக்காக யாழ். மேல் நீதிமன்றத்திலும் 2017இல் மனுக்கள் போடப்பட்டன. நேரம் எடுக்கும், அலைய வைக்கும். ஆனாலும் யார் கடைசியாகப் பொறுப்பில் வைத்திருந்தார் என்பது சத்தியம் செய்து சொன்ன சாட்சியமாக நீதிமன்றப் பதிவேட்டில் ஏறும்.

ஒன்றைக் கவனியுங்கள். காணி, வங்கிக் கணக்கு அலுவலுக்காக மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி உங்களை யாரும் நெருக்கக்கூடாது. ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்துவிட்டது. ஒப்படைத்த இடம், நேரம், பக்கத்தில் நின்றவர்கள் பெயர் எல்லாவற்றையும் உங்கள் நினைவில் இருக்கும்போதே யாரையாவது கொண்டு எழுதி வையுங்கள். உங்களோடு நின்ற சாட்சிகளுக்கும் வயது போகிறது.

மானிப்பாய்: 2019இல் பாகிஸ்தானில் பிடிபட்ட இந்திய விமானி அபிநந்தன் பெயரையும் இலக்கத்தையும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்ல மறுத்தாரே. அதற்கு உரிமை உண்டா?

உண்டு. பெயர், பதவிநிலை, பிறந்த திகதி, படை இலக்கம். மூன்றாம் சமவாயத்தின் 17ஆவது உறுப்புரைப்படி போர்க்கைதி சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதை வாங்க அடிக்கவோ, மிரட்டவோ, சொல்லாததற்காக வசதிகளைக் குறைக்கவோ கூடாது. இன்னொன்று, காயத்தோடு நிற்பவரை வீடியோ எடுத்து உலகத்துக்குக் காட்டியதே தவறு. கைதியைப் பொதுமக்களின் வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்கிறது 13ஆவது உறுப்புரை. இந்தியாவும் அதைக் கண்டித்தது. உக்ரைன் போரில் பிடிபட்டவர்களின் வீடியோக்கள் உங்கள் போனுக்கும் வரும். தயவுசெய்து பகிராதீர்கள். அந்த முகத்தை வீட்டில் ஒரு தாய் பார்ப்பாள்.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: சாப்பாடு, தண்ணீர், கடிதம் இதெல்லாம் எழுத்தில் உள்ளதா?

உள்ளது ஐயா. உடல்நலம் கெடாத அளவு உணவு, போதிய குடிநீர், மருத்துவம். கடிதத்தைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தாலும் மாதம் இரண்டு கடிதத்துக்கும் நான்கு அட்டைக்கும் குறையக்கூடாது. பிடிபட்ட உடனே, அல்லது முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், வீட்டுக்குத் தகவல் அட்டை எழுதவிட வேண்டும். தண்ணீர் என்றதும் சேரமான் கணைக்கால் இரும்பொறை ஞாபகம் வருகிறார், நீங்களே படிப்பித்திருப்பீர்கள். சோழனின் சிறையில் தண்ணீர் கேட்டு, காலம் தாழ்த்திக் கொடுத்ததைக் குடிக்க மறுத்துப் பாடிய அரசன். பிடிபட்டவனுக்கும் மானம் உண்டு என்பது நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல.

ஊர்காவற்றுறை: தப்பி ஓடினால் சுடலாமா?

சுடுவது கடைசி வழி. அதற்கு முன் எச்சரிக்க வேண்டும். திரும்பப் பிடிபட்டால் ஒழுக்காற்றுத் தண்டனை மட்டும், அதுவும் 30 நாளுக்கு மேல் போகாது.

திருநெல்வேலி: ஐ.சி.ஆர்.சி.காரர் (சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தினர்) சிறைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஏன் வெளியில் ஒன்றும் சொல்வதில்லை?

இந்தக் கோபம் எனக்கும் விளங்குகிறது. 1989இலிருந்து அவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். கண்டதை வெளியில் பேசினால் அடுத்த முறை கதவு திறக்காது என்பதால், தடுத்து வைத்திருப்பவரிடம் மட்டும் சொல்கிறார்கள். அவர்கள் செய்வதில் மிகப் பெரியது, கைதியைத் தனியாகச் சந்தித்துப் பெயரைப் பதிவது. பதிந்தவரைத் திரும்பவும் தேடிப் போவார்கள். பெயர் வெளியாள் ஒருவரின் கொப்பியில் ஏறிவிட்டால், அப்படி ஒருவர் எங்களிடம் இருந்ததே இல்லை என்று சொல்வது கஷ்டம். 2002 போர்நிறுத்தத்தின்போது ஓமந்தையில் இரு தரப்பும் கைதிகளைப் பரிமாறிக்கொண்டபோதும் நடுவில் நின்றவர்கள் அவர்கள்தான். 2009இல் சரணடைந்தவர்களைப் பொறுப்பெடுத்த இடங்களில் அப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால், பருத்தித்துறை அம்மா இன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்க வேண்டி வந்திராது.