சமைத்ததை ஆறவைப்பதும் உறையவைப்பதும்: கேட்டவையும் என் பதில்களும்

உணவு கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சமையலறை ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, நன்றாக ஆறிய பிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?

பாதிதான் சரி. ஒரு கிண்ணம் சூப்பை ஆவி அடங்கியதும் உள்ளே வைத்தால் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய பானையை அப்படியே வைப்பதுதான் தப்பு. பக்கத்தில் உள்ள பாலும் இறைச்சியும் சூடேறும், பானையின் நடுப்பகுதியோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

அதற்காக "ஆறட்டும்" என்று இரவு முழுக்க மேடையில் விட்டுவிடாதீர்கள், அது இன்னும் மோசம். 60 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரி வரை உள்ள இடைவெளியில்தான் கிருமிகள் பெருகுகின்றன. அமெரிக்காவில் உணவகங்களுக்கான விதி இப்படி: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு வர இன்னும் 4 மணி நேரம். முதல் கட்டத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இறைச்சிக் குழம்பில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு 43 முதல் 47 டிகிரி வரைதான் கொண்டாட்டம். அந்தச் சூட்டில் பத்தே நிமிடத்தில்கூட அது இரட்டிப்பாகிவிடும். வீட்டில் தெர்மாமீட்டரோடு நிற்க முடியாது, சரி. சமைத்து இறக்கி 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் அறையே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

நன்றாகக் கொதிக்கவைத்த உணவில் கிருமி எங்கிருந்து வருகிறது? மறுபடி கொதிக்கவைத்தால் செத்துவிடாதா?

இந்தக் கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. சில பாக்டீரியாக்கள் விதை மாதிரி கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அதை வித்து என்பார்கள். கொதிநீரிலும் அது பிழைத்துவிடும். உணவு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். மற்ற கிருமிகள் எல்லாம் கொதியில் செத்துப்போயிருப்பதால் போட்டிக்கும் ஆளில்லை.

சோற்றில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் இந்த வகைதான். அதில் ஒரு ரகம், பெருகும்போதே வாந்தியை உண்டாக்கும் நச்சு ஒன்றைச் சோற்றில் விட்டுவிடும். மறுபடி கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். ஆகவே இரவெல்லாம் வெளியே கிடந்த சோற்றைக் காலையில் சுடவைத்தோ வறுத்தோ காப்பாற்ற முடியாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, வாசனை மாறாமலே நச்சு இருக்கலாம். சோறு மீந்தால் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கறாரான ஆள்.

ஒரு பெரிய பானை நிறைய சமைத்துவிட்டேன். சீக்கிரம் ஆறவைக்க என்ன வழி?

பாத்திரத்தை மாற்றுங்கள். எவ்வளவு சமைத்தோம் என்பதைவிட எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். கெட்டியான உணவில் ஆழம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அகலமான தட்டையான பாத்திரங்களில் 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். பிளாஸ்டிக்கைவிட உலோகம் நல்லது.

சூப் மாதிரி நீர்த்ததாக இருந்தால், தொட்டியில் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பானையை இறக்கி அடிக்கடி கிளறுங்கள். கிளறாவிட்டால் ஓரம் மட்டும்தான் குளிரும். ஃப்ரிட்ஜில் வைத்த பிறகும் ஆறும்வரை மூடியைச் சற்றே திறந்து வையுங்கள், பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும்தானே?

இல்லை, தூங்கும். மைனஸ் 18 டிகிரியில் பெருகாது, அவ்வளவுதான். உருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் நாலு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்ததை "வீணாக வேண்டாமே" என்று ஃப்ரீசருக்குத் தள்ளுவதில் பயனில்லை. உறையவைக்க நினைத்தால் சமைத்த அன்றே, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு வையுங்கள். ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து, தட்டையாக வைத்தால் சீக்கிரம் உறையும், உள்ளே உருவாகும் பனித்துகள்களும் சிறிதாக இருக்கும். உருகும்போது தண்ணீர் விடுவது குறையும்.

கண்ணாடி ஜாடியில் சூப்பை உறையவைத்தேன், வெடித்துவிட்டது.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். கழுத்து குறுகிய ஜாடி இதற்கு ஆகாது.

எதையெல்லாம் உறையவைக்கக் கூடாது?

கூடாது என்பதைவிட நன்றாக வராது என்று சொல்லலாம். வேகவைத்த உருளைக்கிழங்கு மணல் மாதிரி ஆகிவிடும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பர் போலாகும். தயிரும் க்ரீமும் சேர்த்தவை திரிந்து பிரியும், அவற்றைச் சுடவைக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய சாறும் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

இறைச்சியின் மேல் வெள்ளையாக, காய்ந்துபோன திட்டுகள். சாப்பிடலாமா?

சாப்பிடலாம். காற்றுப் பட்ட இடத்தில் பனி நேராக ஆவியாகிப் போனதால் வந்த வறட்சி அது. ருசி இருக்காது, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். அடுத்த முறை பையிலிருந்து காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். சமைத்த உணவு மூன்று, நான்கு மாதம் வரை ருசியோடு இருக்கும்.

உருகியதை மறுபடி உறையவைக்கலாமா?

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகியிருந்தால் வைக்கலாம், பதம் கொஞ்சம் கெடும். மேடையில் வைத்து உருக்கியிருந்தால் வேண்டாம். அவசரம் என்றால் மைக்ரோவேவில் உருக்கி உடனே சுடவையுங்கள். சுடவைக்கும்போது நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும். ஓரத்தில் குமிழி வந்தால் போதாது, கிளறிப் பார்த்தால் நடுவிலிருந்தும் ஆவி பறக்க வேண்டும்.

ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லை. ஃப்ரீசரில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடவா?

அவசரப்படாதீர்கள். கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைய அடுக்கிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும், பாதி நிரம்பியது சுமார் 24 மணி நேரம். திறக்கும்போது உணவில் இன்னும் பனித்துகள் தெரிந்தால் மறுபடி உறையவைக்கலாம். ஃப்ரிட்ஜ் பகுதி வேறு கணக்கு. அது 4 மணி நேரம்தான் தாங்கும், ஆகவே அங்கிருந்த சமைத்த உணவையும் இறைச்சியையும் கொட்டிவிடுங்கள்.