கிரெடிட்டைத் தருவது யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த விடுமுறையில் வெளிநாடு போய் உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. இரண்டு வாய்ப்புகள் கண்ணில் பட்டன. ஒன்று, ஆறு வாரம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் தன்னார்வலராகப் பாடம் சொல்லித்தருவது. கட்டணம் உண்டு. 'கல்லூரி கிரெடிட்டும் கிடைக்கும்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு உதவும் ஒரு சின்ன அமைப்பில் இன்டர்ன்ஷிப். சம்பளமும் இல்லை, கட்டணமும் இல்லை. பெரும்பாலும் நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதும் வேலை. எனக்கு மனசு முதலாவதில்தான் நிற்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ம.

அன்புள்ள ம.,

முதலில் கிரெடிட், அதாவது பட்டம் வாங்கச் சேர்க்க வேண்டிய பாட அலகு. விளம்பரம் போட்டவர்களால் அதை உங்களுக்குத் தர முடியாது. உங்கள் பட்டத்துக்கான கிரெடிட்டைத் தருவது உங்கள் கல்லூரிதான். சில நிறுவனங்கள் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும், அந்தப் பல்கலைக்கழகமே மதிப்பெண் பட்டியலும் கொடுக்கும். அப்போதும் அதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் துறையின் முடிவு.

நான் இதைத் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவள். மாணவியாக இருந்தபோது இரண்டு மாதம் வெளிநாட்டில் தன்னார்வப் பணி செய்துவிட்டு, முத்திரை குத்திய சான்றிதழோடு திரும்பினேன். துறையில் மூன்று கேள்வி கேட்டார்கள். உன்னை மேற்பார்வை பார்த்தது யார், மொத்தம் எத்தனை மணி நேரம், போவதற்கு முன் யாரிடம் ஒப்புதல் வாங்கினாய்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஒரு கிரெடிட்கூட ஏறவில்லை.

மணிக்கணக்கு ஏன் முக்கியம் என்றால், கிரெடிட் என்பதே உழைப்பின் அளவு. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இன்டர்ன்ஷிப்புக்கு 40, 45 மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு. நீங்கள் ஆறு வாரம், வாரம் ஐந்து நாள், தினம் ஐந்து மணி நேரம் வேலை செய்தால் 150 மணி நேரம் ஆகிறது. அது ஓரிடத்தில் ஐந்தாறு கிரெடிட், இன்னோரிடத்தில் மூன்று. 'ஆறு கிரெடிட்' என்று யாராவது சொன்னால், எந்த ஊர்க் கணக்கு என்று கேளுங்கள்.

ஆனால் மணி நேரம் மட்டும் காட்டினால் போதாது. அந்த நேரத்தில் என்ன கற்றீர்கள் என்று கேட்பார்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் மாணவர், கல்லூரி, வேலை தரும் இடம் என மூன்று தரப்பும் கிளம்புவதற்கு முன்பே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகின்றன. என்ன வேலை, என்ன கற்பார், யார் வழிகாட்டி, எப்படி மதிப்பிடுவார்கள், எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு படிவம் இல்லாவிட்டால், இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாகச் 'சரி, போய்ட்டு வா' என்று சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள். திரும்பி வரும்போது அந்த இருக்கையில் வேறொருவர் இருக்கலாம்.

'என்ன கற்கப்போகிறீர்கள்' என்ற இடத்தில் உங்கள் இரண்டு வாய்ப்புகளையும் எழுதிப் பாருங்கள். காப்பகத்துக்கு என்ன எழுதுவீர்கள்? 'குழந்தைகளோடு பழகுவேன்' என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மற்றதற்கு, நேர்காணலை எப்படி எழுத்தில் பதிவது, சொன்னவரின் அடையாளத்தை எப்படி மறைப்பது, நூறு பதில்களில் திரும்பத் திரும்ப வருவதை எப்படி வகைப்படுத்துவது என்று எழுதிக்கொண்டே போகலாம். சமூகவியலில் பின்னால் ஆய்வு செய்யப்போகிறவருக்குக் கையில் இருக்க வேண்டிய தொழில் அது.

காப்பகத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நான் போனதும் அப்படி ஓர் இடத்துக்குத்தான். முதல் நாள் நிறங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நான் அட்டையைத் தூக்கும் முன்பே மொத்த வகுப்பும் பதில் சொல்லிவிட்டது. ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். அதே நிறங்கள், அதே வானவில், பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு பெரியவர்களின் கையெழுத்தில். எனக்கு முன்னால் வந்த ஒவ்வொருவரும் அங்கிருந்தேதான் தொடங்கியிருக்கிறார்கள். மாலையில் ஆறு வயது இருக்கும் ஒரு சிறுமி, பெயர்கூடக் கேட்காமல் என் மடியில் ஏறி உட்கார்ந்து, 'நீ எப்போ போவே?' என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தடுமாறாமல் வந்த வாக்கியம் அது. தேதியைச் சொன்னேன். தலையாட்டினாள்.

அவளுக்கு அம்மா இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. உலகம் முழுக்கக் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார். வறுமையால் அனுப்பப்படுகிறார்கள். கட்டணம் கட்டி வருபவர்கள் கூடக் கூட, குழந்தைகளை அங்கேயே வைத்திருப்பது சிலருக்கு வருமானம் ஆகிவிடுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில் இந்த வகைத் தன்னார்வச் சுற்றுலாவையே குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது. உங்கள் நல்ல மனசைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, ம. ஆனால் அந்தப் பணத்தையும் ஆறு வாரத்தையும் அங்கே கொடுக்காதீர்கள்.

 

அப்புறம் விசா. சம்பளம் இல்லாவிட்டால் அது வேலை ஆகாது என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணியும் செய்ய முடியாது. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் மொத்தம் 30 நாள்தான், அதுவும் பதிவு பெற்ற அறக்கட்டளையில். 'விமான நிலையத்தில் கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்' என்று எந்த அமைப்பு சொன்னாலும் விலகிவிடுங்கள்.

சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தங்குமிடமும் பயணமும் யார் தலையில் விழும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். உலகச் சுகாதார நிறுவனமே 2020இல்தான் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. அறிவியல், பொறியியல் படிப்பவர்களுக்கு 1948இலிருந்து இயங்கும் ஐயேஸ்டே (IAESTE) என்ற பன்னாட்டு மாணவர் பயிற்சி அமைப்பு வழியாகச் சம்பளத்தோடு பயிற்சி கிடைக்கிறது. உங்கள் துறைக்கு அவ்வளவு எளிதில்லை. பணம் புரளாவிட்டால், புலம்பெயர்ந்தவர்களுக்கு உதவும் அந்த அமைப்பிடம், வீட்டிலிருந்தே பாதி வேலையைச் செய்யலாமா என்று கேளுங்கள். ஒலிப்பதிவு எழுதும் வேலைக்கு அது ஒத்துவரும், கிரெடிட்டுக்கான மணிக்கணக்கிலும் சேர வாய்ப்புண்டு. அதையும் துறையில் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்த வாரமே அந்த அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 'நான் எழுதுவதை வாரம் ஒரு முறை உட்கார்ந்து வாசித்துத் திருத்தப்போவது யார், அவர் பெயர் என்ன?' என்று கேளுங்கள். பெயர் வந்தால் அதை உங்கள் ஒரு பக்கத் தாளில் வழிகாட்டி என்ற இடத்தில் எழுதலாம். தாள் தயாரானதும், துறைக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்புங்கள். வாசித்துவிட்டு எழுதுகிறேன்.