ஜர்னீக் என்னும் மஞ்சள் கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரசீகச் சுவடி ஓவியங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்து வருகிறேன். ஓவியர் மஞ்சள் நிறத்துக்காக ‘ஜர்னீக்’ அரைத்தார் என்று அதில் ஒரு வரி வருகிறது. அகராதியோ அச்சொல்லுக்கு ஆர்சனிக் என்று பொருள் தருகிறது. ‘ஆர்சனிக்கை அரைத்தார்’ என்றே எழுதிவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்படி எழுத வேண்டாம் என்றே சொல்வேன். அகராதி தரும் பொருள் தவறில்லை என்றாலும், உங்கள் ஓவியரின் கையில் இருந்தது தனிமம் அன்று, ஒரு கல். ஆர்சனிக்கும் கந்தகமும் கூடி மண்ணுக்குள் விளையும் பொன்மஞ்சள் தாதுவைத்தான் பாரசீகர் நெடுங்காலமாக ஜர்னீக் என்று அழைத்தார்கள். அதோடு சேர்ந்தே கிடைக்கும் சிவப்புத் தாதுவுக்கும் அதே பெயர்தான். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் மஞ்சள் ஜர்னீக், சிவப்பு ஜர்னீக் என்பார்கள். இந்த இரண்டையும் நம் சித்த மருத்துவர்கள் அரிதாரம், மனோசிலை என்று தனித்தனிப் பெயர்களால் அறிவார்கள்.

அணு எண் 33 உடைய ஆர்சனிக் தனிமத்தை இன்றைய ஈரானிய வேதியியல் நூல்கள் பெரும்பாலும் ‘ஆர்செனீக்’ என்றே எழுதுகின்றன. எலி கொல்லும் வெள்ளைப் பாஷாணத்துக்கோ ‘மர்கே மூஷ்’, அதாவது எலியின் சாவு, என்று பெயர். நம் ஊரில் எலிப் பாஷாணம் என்பதைப் போல. இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, ஆர்செனீக் என்பதும் ஜர்னீக்கின் வழியில் வந்த சொல்லே என்பதுதான். பழைய ஈரானியச் சொல் சிரியாக் என்னும் பழைய மேற்காசிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்குப் போய், ஆண் என்னும் பொருளுள்ள ‘ஆர்சென்’ என்ற சொல்லின் சாயலை ஏற்று ‘ஆர்செனிகோன்’ ஆகி, லத்தீனுக்குள் நுழைந்து, ஐரோப்பிய அறிவியலோடு மீண்டும் ஈரானுக்கே வந்து சேர்ந்தது.

பொன்னுக்குப் பாரசீகத்தில் ‘ஜர்’ என்று பெயர். நம் சேலையின் சரிகை அதிலிருந்து வந்ததே. ஜர்னீக்கிலும் அந்தப் பொன்னிறத்தின் வேர்தான் இருக்கிறது. ஈரானின் வடமேற்கில், தக்தே சுலைமான் என்னும் தொல்லிடத்துக்கு அருகிலுள்ள ஜர்ஷூரானில் பொன்னும் இந்த மஞ்சள் தாதுவும் ஒரே பாறையில் கலந்து கிடக்கின்றன. பொன் அலசுவோர் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். பழைய ஈரானியத்தில் ‘ஜ’ ஒலியோடு வரும் இந்தப் பொன்னிற வேர் சமஸ்கிருதத்தில் ‘ஹ’ ஒலி பெறும். பொன் என்னும் பொருளுள்ள ஹிரண்யம் அப்படி வந்தது; ஹரிதாலமும் அப்படியே. அந்த ஹரிதாலம்தான் தமிழில் அரிதாரம். ஆகவே நீங்கள் தேடும் தமிழ்ச் சொல், பொருளால் மட்டுமன்றி வேராலும் ஜர்னீக்குக்கு உறவு.

கூத்தர் முகத்தில் பூசியதால் அரிதாரம் என்றதும் இன்று பலருக்கு ஒப்பனைதான் நினைவுக்கு வரும். அந்தக் குழப்பம் நேராதிருக்க, ‘ஓவியர் மஞ்சளுக்காக அரிதாரக் கல்லை அரைத்தார்’ என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்