தைவானின் சூரியகாந்தி இயக்கம் என்பது என்ன? மாணவர்கள் ஏன் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள்?

2014 மார்ச் 18 இரவு தைபேயில் மாணவர்கள் நாடாளுமன்ற அவைக்குள் நுழைந்து, ஏப்ரல் 10 வரை அங்கேயே தங்கி நடத்திய போராட்டம்தான் இது. பூக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த சூரியகாந்திப் பூக்களால் அந்தப் பெயர் நிலைத்தது.

சீனாவுடன் 2013-இல் கையெழுத்தான சேவை வர்த்தக ஒப்பந்தத்தை (வங்கி, சுற்றுலா போன்ற சேவைத் துறைகளை இரு பக்கமும் ஒருவருக்கொருவர் திறந்துவிடும் ஒப்பந்தம்) ஒவ்வொரு பிரிவாக ஆராய்வோம் என்று கட்சிகள் ஒப்புக்கொண்டிருந்தன. ஆனால் ஆளும் குவோமிந்தாங் கட்சியின் உறுப்பினர் ஒருவர், குழு ஆய்வு முடிந்ததாகச் சில நொடிகளில் அறிவித்துவிட்டார். வீட்டுப் பத்திரத்தை வாசித்துக்கூடக் காட்டாமல் "கையெழுத்துப் போடுங்கள்" என்றால் சும்மா இருப்போமா? அந்தக் கோபம்தான். 1987 வரை சுமார் 38 ஆண்டுகள் ராணுவச் சட்டத்தில் இருந்த நாடு அது. கேள்வி கேட்கும் உரிமையை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளாதது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இத்தகைய ஒப்பந்தங்களைக் கண்காணிக்கச் சட்டம் வந்த பிறகே ஆய்வு தொடரும் என்று அவைத்தலைவர் வாங் ஜின்-பிங் வாக்குறுதி கொடுத்ததும் மாணவர்கள் வெளியேறினார்கள். ஒப்பந்தம் கடைசிவரை நிறைவேறவில்லை.

அப்புறம், இதைச் சீனாவுடன் வணிகமே வேண்டாம் என்ற போராட்டமாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தவர்களும் அதில் இருந்தார்கள், ஆனால் முதன்மைக் கோரிக்கை ஒப்பந்தத்தை வெளிப்படையாக, முறைப்படி ஆராய வேண்டும் என்பதே.