மோதிய காருக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

வாசகர் கேள்விகளுக்குச் சட்ட விளக்கம்

கேள்வி: என் கணவர் தச்சு வேலை செய்பவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு பைக்கில் வேலைக்குப் போனபோது, பக்கச் சாலையிலிருந்து வேகமாகத் திரும்பிய கார் மோதியதில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். அந்தக் காரின் இன்சூரன்ஸ் விபத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. உரிமையாளர் 60,000 ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கும்படியும் கேட்கிறார். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மீது வழக்குப் போட்டால் ஒன்றும் கிடைக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கார் இன்னும் காவல் நிலையத்தில்தான் நிற்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்திருக்க வேண்டிய தொகை முழுவதையும் காரை ஓட்டியவரும் அதன் உரிமையாளரும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு (வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கு இழப்பீடு தரும் காப்பீடு) இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால், முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அந்த அபராதம் அரசுக்குச் சேருவது. உங்களுக்குரிய தொகைக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-வது பிரிவின் கீழ் தனியாக மனுப் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சமாதானப் பேச்சில் இன்னும் நான்கு மாதங்கள் ஓடிவிட இடம் கொடுக்காதீர்கள்.

காவல் நிலையத்தில் நிற்கும் அந்தக் கார்தான் இன்று உங்களுக்குக் கைக்கெட்டும் ஈடு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கி, அதனால் மரணமோ காயமோ ஏற்பட்டால், போதுமான பிணையம் கட்டாத வரை அதை உரிமையாளரிடம் திருப்பித் தரக் கூடாது என்றும், வண்டி கைப்பற்றப்பட்டு மூன்று மாதங்கள் ஆகியும் பிணையம் தரப்படாவிட்டால் மாஜிஸ்திரேட் அதைப் பொது ஏலத்தில் விற்று, கிடைத்த பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது. டெல்லியில் இருந்த இந்த விதியைப் போன்று எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018-இல் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இது சேர்க்கப்பட்டது. உரிமையாளர் அவசரப்படுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். காரை விடுவிக்கக் கோரி அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறாரா என்று இந்த வாரமே வழக்கறிஞர் மூலம் விசாரித்து, பிணையம் இல்லாமல் விடக் கூடாது என்று ஆட்சேபணை தாக்கல் செய்யுங்கள். எத்தனையோ குடும்பங்கள் தீர்ப்பை வாங்கிய பிறகும் பணத்தை வாங்க முடியாமல் அலைவதற்கு, இந்த ஒரு கட்டத்தில் யாரும் அவர்களுக்கு வழிசொல்லாமல் விட்டதே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

60,000 ரூபாய் எவ்வளவு குறைவு என்பதையும் பாருங்கள். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகை ஆகியவற்றோடு, எதிர்கால வருமான இழப்பும் கணக்கில் வரும். அந்த இழப்பை ஊனத்தின் சதவீதத்தை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது, காயம் அந்த மனிதரின் தொழிலை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து மரம் இழைக்க வேண்டிய ஒருவரின் கால் மடங்காமல் போனால், மேசை வேலை செய்பவருக்கு ஏற்படும் இழப்பைவிட அது எவ்வளவோ பெரியது. ஆகவே முதலில் சேர்த்த மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக்கடை ரசீதுகள், கூலி கொடுத்தவர்களின் சாட்சியம் என்று ஒன்றையும் விடாமல் சேர்த்து வையுங்கள். தீர்ப்புத் தொகையை உரிமையாளர் கட்டாவிட்டால், 174-வது பிரிவின்படி தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பி, நில வரி பாக்கியைப் போல வசூலிக்கச் செய்யலாம். அதற்கு அவர் பெயரில் உள்ள வீடு, நிலம், சம்பளம் பற்றிய விவரம் உங்களிடம் இருக்க வேண்டும்.

அடையாளம் தெரியாத வண்டி மோதினால் அரசு தரும் இழப்பீட்டை (மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்) உங்கள் வழக்கில் கேட்க முடியாது. மோதிய வண்டி யாருடையது என்று தெரிந்திருக்கிறது.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் காரை விற்றுவிட்டேன். வாங்கியவர் ஆர்.சி.யில் பெயரை மாற்றவில்லை, இன்சூரன்ஸையும் புதுப்பிக்கவில்லை. இப்போது அந்தக் கார் விபத்தை ஏற்படுத்தி, எனக்குத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. நான் ஏன் பொறுப்பு?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சட்டம் கொள்கிறது. கைமாறிக் கைமாறிப் பலரிடம் போன ஒரு கார் தொடர்பான நவீன்குமார் வழக்கில், பெயர் மாற்றப்படாததால் முதலில் விற்றவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. உங்கள் மனக்குறை நியாயமானதுதான். ஆனால் காயம்பட்டவரை, ஒவ்வொரு கையாகத் தேடி அலைய விடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் நோக்கம். சம்மனை அலட்சியப்படுத்தினால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடும், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். ஆஜராகி, விற்பனை ஒப்பந்தத்தையும் டெலிவரி நோட்டையும் தாக்கல் செய்து, வாங்கியவரையும் எதிர்தரப்பில் சேர்க்கக் கேளுங்கள்; நீங்கள் கட்ட நேர்ந்தால் அவரிடமிருந்து வசூலிக்க அந்த ஆவணங்கள்தான் உதவும். விபத்து நாளில் பாலிசி இருந்ததா என்பதையும் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். விபத்துக்குப் பிறகு எடுத்த பாலிசி எதற்கும் உதவாது.

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் கார் மீது இன்சூரன்ஸ் இல்லாத கார் மோதிவிட்டது. என்னுடையது காம்ப்ரிஹென்சிவ் பாலிசி. எதில் கேட்பது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நிறுவனத்திடமே ஓன் டேமேஜ் கிளைம் (உங்கள் காரின் சேதத்துக்கு உங்கள் பாலிசியிலேயே கேட்கும் கோரிக்கை) போடுங்கள். நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) பறிபோகும்; தேய்மானமும் கட்டாயக் கழிவும் (ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) உங்கள் தலையில் விழும். அப்படிக் கிடைக்காமல் போன தொகையை மோதியவரிடம் கேட்கலாம். ஆனால் 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்: உங்களுக்குக் கொடுத்த பணத்தை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை உங்கள் நிறுவனத்துக்கு உண்டு, அதை நீங்கள் கெடுத்தால் உங்கள் கிளைமே மறுக்கப்படலாம்.